எட்டு மணி ஆட்டம்

எனக்கு ஃபுட்பாலைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மெல்பர்னில் இலங்கைத் தமிழ்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வருஷா வருஷம் நடத்துகிற கால்பந்துப் போட்டிக்கு, ஒரே ஒரு வருஷம், ஆட்ட அட்டவணை போட்டவள் நான். எட்டு அணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மைதானம். ஆஃப்சைடு என்றால் என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவேன்.

எனக்குத் தெரிந்தது ரோஸ்டர். ஒரு ஆஸ்பத்திரியில் எந்த நர்ஸுக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்று போடுவதுதான் என் வேலை. ஒருத்திக்குப் புதன்கிழமை பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப் போகவேண்டும். இன்னொருத்தி முதலாமவளோடு சேர்ந்து வேலை செய்யமாட்டாள். மூன்றாவது ஆளுக்கு முதுகுவலி, அது திங்கட்கிழமை மட்டும் வரும். இத்தனையையும் சரிக்கட்டி ஒரு தாளில் கொண்டுவந்து ஒட்டினால் திட்டாத ஆள் கிடையாது. எல்லாரும் சமமாகத் திட்டினால் ரோஸ்டர் நன்றாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். பதினோரு வருஷமாக இப்படித்தான் சம்பாதிக்கிறேன்.

மெல்பர்னின் ஓரத்தில் கிரெய்கிபர்னில் எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள்தான் போட்டிக் குழுவின் செயலாளர். யாழ்ப்பாணத்துக்காரர், ரிடையர் ஆனவர். ஒருநாள் காலையில் நான் குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, “பிள்ளை, உமக்கு ஒரு கல்லூரியும் இல்லைத்தானே?” என்று கேட்டார்.

நான் மதுரையில் நல்ல கல்லூரியில் படித்தவள். சுருக்கென்றது. ஆனால் அவர் கேட்டது வேறு. அவர்கள் ஊரில் பெரிய பள்ளிக்கூடத்துக்குத்தான் கல்லூரி என்று பெயர். அதுவரை அட்டவணை போட்ட எல்லாரும் ஏதாவது ஒரு கல்லூரியின் பழைய மாணவர்கள். போன வருஷம் போட்டவர் தன் கல்லூரிக்கு நல்ல நேரம் கொடுத்தார் என்று சண்டை. அதற்கு முந்தின வருஷம் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். சீட்டை மடித்தவர் எந்தக் கல்லூரி என்று சண்டை. எனக்கு எந்தக் கல்லூரியிலும் அண்ணன் இல்லை, மாமா இல்லை. இந்தியாக்காரி. அதுதான் என் தகுதி. “சும்மா ஒரு சின்ன வேலை” என்றார் அங்கிள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எட்டில் பெரிய கல்லூரி என்று இரண்டு. பெயர் வேண்டாம், சொன்னால் வேறு சப்பர்பில் வீடு பார்க்கவேண்டி வரும். இரண்டும் பரம்பரை பரம்பரையாக ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருப்பவை. மெல்பர்னுக்கு வந்தும் முறைப்பு குறையவில்லை. ஊரில் பையன்களாக முறைத்தவர்கள் இங்கே டாக்டர்களாகவும் என்ஜினீயர்களாகவும் முறைக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒரே பிரிவில் போடுவதா, வேறு வேறு பிரிவில் போடுவதா, முதலில் மோதவிடுவதா, கடைசியில் மோதவிடுவதா, இதுதான் அட்டவணையே. மற்ற ஆறும் மிச்ச இடத்துக்கு. அதில் ஒரு கல்லூரி, தங்களைக் காலை ஆட்டத்தில் போடாவிட்டால் இன்னும் மூன்று கல்லூரியைக் கூட்டிக்கொண்டு தனிப் போட்டி வைத்துவிடுவோம் என்று போன் செய்தது. மூன்று தடவை செய்தது. மூன்று தடவையும் “இது கடைசியாச் சொல்லுறம்” என்றார்கள்.

கௌரவம்தான் காரணம் என்று நினைத்தேன். அங்கிள் உட்காரவைத்து விளக்கினார். கௌரவம் பாதி. மீதி டீவி.

டொராண்டோவிலிருந்து ஒரு தமிழ் இணைய சேனல் இந்தப் போட்டியை ஒளிபரப்பும். முழு நாளையும் அல்ல, ஒரே ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் கொடுக்கிற பணத்தில்தான் மைதான வாடகை, இன்ஷூரன்ஸ், கோப்பை எல்லாம். அவர்களுக்குப் பணம் விளம்பரத்தில் வருகிறது: வீடு விற்கிறவர், வீட்டுக்குக் கடன் வாங்கித் தருகிறவர், கல்யாண மண்டபம், பட்டுப்புடவை. விளம்பரக்காரர்கள் கேட்கிற நேரம் டொராண்டோவில் சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. வேலையெல்லாம் முடிந்து, கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வந்து சனங்கள் சோஃபாவில் சாய்கிற நேரம். அவர்கள் கேட்கிற ஆட்டம் இரண்டு பெரிய கல்லூரியும் மோதுகிற ஆட்டம், வேறெதுவும் இல்லை. டொராண்டோவில் சனிக்கிழமை ஆறு மணி என்றால் இங்கே ஞாயிறு காலை எட்டு. ஜூலை மாதம். மூச்சு விட்டால் புகை வரும்.

பூமியின் அந்தப் பக்கத்தில் ஒருவர் கதகதப்பாக உட்கார்ந்து பார்க்க, இந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு பேர் பனியில் ஓடவேண்டும். எனக்கு இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் எத்தனை மணிக்கு என்பதை நோயாளியைக் கேட்டு வைப்பதில்லை. காமரா ஒன்று, அது முதல் மைதானத்தில். முதல் மைதானம், எட்டு மணி, இரண்டு பெரிய கல்லூரி. இதை எழுதிவிட்டு மீதியை அரைமணி நேரத்தில் முடித்தேன். முடித்த கையோடு ஒருவர் வந்தார்.

முப்பத்தைந்து வயது இருக்கும். சனிக்கிழமை காலை, கையில் ஐஸ்கிரீம் டப்பா நிறையக் கோழித் துண்டுகள். கோழி ஃபேக்டரியில் வேலையாம், ஸ்டாஃப் விலையில் கிடைக்குமாம். நான் சைவம். சொன்னால் சங்கடப்படுவார் என்று வாங்கி ஃப்ரீசரில் வைத்தேன்.

“அக்கா, நான் ஒண்டும் கேக்க வரேல்லை” என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, “ஒரு விசயம் கேக்கத்தான் வந்தனான்” என்றார்.

எட்டாவது அணியின் கேப்டன் அவர். வன்னியில், போர் கடைசியாக நடந்த பக்கத்தில், ஒரு சின்னப் பள்ளிக்கூடம். போட்டிக்கு அந்த வருஷம்தான் முதல் தடவை வருகிறார்கள். வழக்கமாக வருகிற ஒரு அணி பிய்த்துக்கொண்டு போனதால் இடம் கிடைத்தது. அது கல்லூரியே இல்லை, வெறும் வித்தியாலயம், எப்படிச் சேர்க்கலாம் என்று குழுவில் ஒருவர் ஆட்சேபித்ததாக அங்கிள் சொல்லியிருந்தார். அணியில் பாதிப்பேர் இவரைப் போலப் படகில் வந்தவர்கள். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிக விசா. இங்கே வேலை செய்யலாம். ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது.

“எங்கட பள்ளிக்கூடத்தை மூடப் போயினமாம் அக்கா. பிள்ளையள் தொகை காணாதாம்.”

அவருடைய அப்பா அந்தப் பள்ளிக்கூடத்திலேயே படித்து, அங்கேயே வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். கல்வி அலுவலகத்துக்கு நடையாய் நடந்திருக்கிறார். கடைசியில் அங்கே ஒருவர் இரங்கி ஒரு வழி சொன்னாராம். இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆள் இருக்கிறது என்று காட்டுங்கள். பழைய மாணவர் நாற்பது பேர் பெயர், படித்த வருஷம், ஒரு லிஸ்ட். மாதக் கடைசிக்குள் கொடுத்தால் இந்த வருஷம் மூடாமல் பார்க்கலாம்.

“நாற்பது பேர்தானே? ஊர்லயே கிடைக்க மாட்டாங்களா?” என்றேன்.

“ஊரில ஆர் இருக்கினம் அக்கா. இருக்கிறவையும் பேர் குடுக்கப் பயப்பிடுவினம். எங்கட சனம் முக்கால்வாசி கனடாவில. ஆர் எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. போன் குரூப் ஒண்டு துவங்கினனான். நாலு பேர் சேந்தவை. நாலு பேரும் இந்த டீம். டீமில மிச்சம் பக்கத்து ஊர்ப் பெடியள், ஆள் காணாமல் சேத்தது.”

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். அந்த டொராண்டோ ஒரு மணி நேரத்தில் அவர்களுடைய ஆட்டத்தைப் போடமுடியுமா? பள்ளிக்கூடத்தின் பெயர் திரையில் தெரிந்தால் போதும். தெரிந்தவர் யாராவது பார்த்துக் கீழே ஒரு வரி எழுதுவார்.

முடியாது என்றேன். அந்த நேரம் விற்றாகிவிட்டது. பெரிய கல்லூரிகளை எடுத்தால் டீவிக்காரர் பணம் தரமாட்டார், பணம் இல்லாவிட்டால் மைதானமே இல்லை. ஆஸ்பத்திரிக் குரலில், இரண்டு தடவை சொன்னேன். அவர் “ஓம், விளங்குது” என்றார். பிறகு, தன் டீமில் இரண்டு பேருக்குப் பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட், அதனால் காலையில் முதல் ஆட்டமாகவாவது தரமுடியுமா என்று கேட்டார். அதைத் தந்தேன். இரண்டாவது மைதானம், எட்டு மணி, டாய்லெட்டுக்குப் பின்பக்கம். காமரா அங்கே திரும்பவே முடியாது, நடுவில் சுவர். அவர் அதற்கும் நன்றி சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் மேல் இல்லை. யார் மேல் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் கழுவினேன், ஒரு டம்ளர் உடைந்தது.

அட்டவணையை எல்லா அணிக்கும் அனுப்பினேன். காலை 8.00. கொட்டை எழுத்தில்.

இங்கேதான் நான் செய்த தப்பு. தப்பு என்பது என்னவென்றால், உண்மையைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கே மைதானத்தில் இருந்தேன். அது ஃபுட்டி என்று இந்த ஊர்க்காரர் பந்தைக் கையிலும் பிடித்து ஆடுகிற ஆட்டத்துக்கான மைதானம். ஒவ்வொரு முனையிலும் நான்கு நெட்டைக் கம்பம் நிற்கும், நம்முடைய கோல் கம்பத்தை முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து நாட்டியிருந்தார்கள். ஒருவர் காமராவை நிறுத்திக்கொண்டிருந்தார். மற்ற நாட்களில் கல்யாண வீடியோ எடுப்பவர். ஏழரைக்கு ஒரு வேன் வந்தது. நம் கேப்டனும் ஆட்களும், மொத்தம் பதின்மூன்று பேர். பச்சை ஜெர்ஸி, நெஞ்சில் பள்ளிக்கூடத்தின் பெயர். தேய்த்து மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. டாய்லெட்டுக்குப் பின்னால் போய் ஓட ஆரம்பித்தார்கள்.

ஏழே முக்கால். வேறு யாரும் இல்லை. ஏழு ஐம்பத்தைந்து. இல்லை. எட்டு மணிக்குக் காமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. எட்டு ஐந்துக்கு அங்கிள் காரிலிருந்து இறங்கினார், கையில் டீ பாய்லர், பின் சீட்டில் ஒரு பெட்டி மட்டன் ரோல்ஸ். சிவப்பு விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பிள்ளை” என்றார் மெதுவாக. “நோட்டீஸில எட்டுக்கு எட்டு எண்டேயோ போட்டனீர்?”

“பின்னே?”

“ஐயோ பிள்ளை. ஒன்பதுக்குத்தானே எட்டு எண்டு போடுறது.”

அப்போதுதான் எனக்குச் சொன்னார். இருபது வருஷமாக இந்தப் போட்டியில் ஒரு வழக்கம். எட்டு மணி ஆட்டத்துக்கு நோட்டீஸில் ஏழு என்று போடுவார்கள். நம் ஆட்கள் ஒரு மணி நேரம் பிந்தி வருவார்கள், கணக்கு சரியாகிவிடும். இது போடுகிறவருக்கும் தெரியும், வருகிறவருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. தமிழாள்தானே, இதைப் போய்ச் சொல்லவேண்டுமா என்று அவரும் சொல்லவில்லை. ஏழு என்றுதான் போட்டிருப்பேன் என்று நினைத்து, நான் அனுப்பியதைத் திறந்தும் பார்க்கவில்லை. நான் எட்டு என்று போட, ஊரில் எல்லாரும் அதை ஒன்பது என்று படித்திருக்கிறார்கள். இரண்டு பெரிய கல்லூரியும் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்திருக்கும். நோட்டீஸை நம்பி வந்தது, வழக்கம் தெரியாத புது அணி மட்டும்தான். அவர்களை எதிர்த்து ஆடவேண்டிய அணிகூட வரவில்லை.

போன் அடித்தது. டொராண்டோ சேனல்காரர். அவரேதான் முதலாளி, அவரேதான் வர்ணனையாளர்.

“அக்கா, லைவ் போய்க்கொண்டிருக்கு. ஸ்கிரீன்ல ஒரு கோல் கம்பமும் ரெண்டு மைனாவும் நிக்குது. வீட்டு விளம்பரம் ரெண்டு தரம் போட்டிட்டன். இனிப் போட்டா அவரே வேண்டாம் எண்டு சொல்லுவார்.”

“பத்து நிமிஷம் தாங்க” என்றேன். என்னத்துக்குப் பத்து நிமிஷம் என்று எனக்கே தெரியாது. டாய்லெட்டுக்குப் பின்னால் ஓடினேன். நான் ஓடி ரொம்ப வருஷம் ஆகிறது.

“தம்பி, உங்க ஆளுங்களை ரெண்டாப் பிரிச்சு முதல் மைதானத்துக்குக் கூட்டிட்டு வாங்க.”

அவர் பேயறைந்த மாதிரி நின்றார். “அக்கா, எதிர் டீம்?”

“நீங்கதான்.”

“நாங்கள் பதின்மூண்டு பேர்.”

“ஆறுக்கு ஆறு. ஒருத்தர் விசில் ஊதட்டும்.”

“எல்லாருக்கும் ஒரே ஜெர்ஸி அக்கா.”

“ஒரு பக்கம் திருப்பிப் போட்டுக்கட்டும். சீக்கிரம்.”

ஆறு பேர் அந்தக் குளிரில் ஜெர்ஸியைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். போனில் சேனல்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கோர்போர்டில என்ன பேர் போட?”

பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன்.

“மற்ற டீம்?”

“அதே பேர்.”

“அக்கா, பகிடி விடுறியளோ?”

“நான் மதுரைக்காரி. காலைல எட்டு மணிக்கு நாங்க பகிடி விடுறதில்லை. ரெண்டு பக்கமும் அதே பேரைப் போடுங்க.”

போட்டார். திரையின் இடது மூலையில் ஒரு பள்ளிக்கூடம், வலது மூலையில் அதே பள்ளிக்கூடம், நடுவில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். டொராண்டோவில் எத்தனை வீட்டில் கொத்துரொட்டி அந்தரத்தில் நின்றதோ தெரியாது.

ஆட்டம் தொடங்கியது. சேனல்காரருக்கு ஆடுகிறவர் ஒருவரையும் தெரியாது. “பந்தை எடுத்துக்கொண்டு வருகிறார் ஒரு வீரர், அவரைத் தடுக்கிறார் இன்னொரு வீரர்” என்று ஐந்து நிமிஷம் ஓட்டினார். பிறகு பேச ஒன்றுமில்லாமல் எனக்குப் போன் போட்டு, இந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். நான் நடுநிலை. அதற்காகத்தான் என்னைப் பிடித்தார்கள். நான் சொன்னேன், பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள், நாற்பது பழைய மாணவர் பெயர் வேண்டும், பார்க்கிறவர்கள் பெயரையும் படித்த வருஷத்தையும் கீழே எழுதச் சொல்லுங்கள்.

“அது விளம்பரம் மாதிரி வரும் அக்கா. விளம்பர நேரம் எல்லாம் வித்துப்போட்டன்.”

“அப்ப ஆட்டத்தை நிறுத்திடுறேன். நீங்க மைனாவைக் காட்டுங்க.”

அவர் சொன்னார். ஒரு தடவை இல்லை, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொன்னார். நல்ல குரல்.

கையில் போனை வைத்துக்கொண்டு கீழே வருகிற வரிகளைப் பார்த்தேன். முதலில் பெரிய கல்லூரிக்காரர்களின் வசவு. “எங்கட மட்ச் எங்க?” “காசு வாங்கிக்கொண்டு என்ன காட்டுறியள்?” அதற்கு நடுவில் ஒரு வரி: “இது எங்கட பள்ளிக்கூடம். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சனான், 1998.” எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அட்டவணைத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் முதல் பெயரை எழுதினேன்.

அப்புறம் மளமளவென்று வந்தார்கள். சிலர் தங்கள் பெயரைப் போட்டார்கள். சிலர் கூடப் படித்தவர் பெயரைப் போட்டு, இவர் எங்கே, இவரை யாராவது கண்டீர்களா என்று கேட்டார்கள். ஒருவர் தன் வகுப்பையே வரிசையாகக் கேட்டார். வரிகள் மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தன. பெயரைப் பார்த்தால் எழுதினேன், பக்கத்தில் வருஷம். வாத்தியார் பெயர் வந்தால் விட்டேன். மாணவர் மட்டும்தானே கணக்கு. இரண்டு தடவை வந்த பெயரை ஒரு தடவைதான் எழுதினேன். வேலையைச் சுத்தமாகச் செய்தேன்.

ஒன்பது மணிக்குப் பெரிய கல்லூரிகள் இரண்டும் வந்தன. தங்கள் மைதானத்தில் யாரோ ஆடுவதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டும் ஒரே கட்சியாக நின்று என்னைத் திட்டின. அங்கிள் எல்லாருக்கும் டீ ஊற்றினார். அவர்கள் ஆட்டம் ஆரம்பிக்கும்போது டொராண்டோவில் அடுத்த நிகழ்ச்சி, ஒரு சமையல் நிகழ்ச்சி, போய்க்கொண்டிருந்தது. சேனல்காரர் பேசிய பணத்தில் பாதியைத்தான் தந்தார். மீதிக்கு அந்த வருஷம் கோப்பையைக் குறைத்துக்கொண்டார்கள். ஜெயித்த கல்லூரி சொம்பு அளவில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தது. “அடுத்த வருசம் பிள்ளைக்கு ஓய்வு குடுப்பம்” என்று குழு தீர்மானித்ததாக அங்கிள் மரியாதையாகச் சொன்னார்.

பச்சை அணி நாலுக்கு மூன்று ஜெயித்தது. பச்சை அணியேதான் தோற்றது.

பதினோரு மணிக்குக் கேப்டன் வேன் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். தாளைக் கொண்டுபோய் நீட்டினேன். “நாற்பத்தொண்ணு” என்றேன். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நின்றேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். முதல் ஐந்தாறு பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்து, “இவன் இருக்கிறான், இவ என்ர வகுப்பு, இவர் கனடாவிலயோ” என்று ஆச்சரியப்பட்டார். பிறகு விரல் ஓர் இடத்தில் நின்றது. அதற்குப் பிறகு பேசாமல் படித்தார். அடிவரை படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

“அக்கா, இதெல்லாம் அவையள் தாங்களே எழுதினதோ?”

“சிலது அவங்களே எழுதினது. சிலது மத்தவங்க கேட்டது. எல்லாரும் உங்க ஸ்கூல்தானே?”

“ஓம். எங்கட பள்ளிக்கூடம்தான்.” தாளை மடியில் வைத்தார். “இதில பன்னிரண்டு பேர் இல்லை அக்கா.”

“கனடாவுல இல்லையா?”

“ஒரு இடத்திலயும் இல்லை.”

எனக்கு உடனே பிடிபடவில்லை. அப்புறம் பிடிபட்டது. உட்கார இடம் தேடி வேன் படியில் அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. நான் பாட்டுக்குச் சுத்தமான எழுத்தில் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். என் பையில் பேனா இருந்தது. எடுத்தேன்.

“அடிச்சிடட்டுமா தம்பி?”

“அடிச்சா இருபத்தொன்பது. டீமில எங்கட நாலு பேரைச் சேத்தாலும் நாற்பது வராது.”

உள்ளே ஒருவர் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று வேனைத் தட்டினார்.

“அவையளும் படிச்சவைதானே அக்கா” என்றார். “நாங்கள் பொய் ஒண்டும் எழுதேல்லை. பேர் உண்மை, வருசம் உண்மை. இப்ப எங்க இருக்கினம் எண்டு அவை கேக்கேல்லைத்தானே.”

கேட்கவில்லைதான். பேனாவை மூடினேன். அவரே கேட்டார், என் எழுத்து நன்றாக இருக்கிறது, வேறு தாளில் திருத்தமாக எழுதித் தரமுடியுமா என்று. வேனின் முன்பக்கத்தில் தாளை வைத்து, நாற்பத்தொரு பெயரையும் வருஷ வரிசையில் எழுதினேன். ஒரே ஒரு பெயருக்கு மட்டும் வருஷம் இல்லை. யாரோ வெறும் பெயரை மட்டும் போட்டு, எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

“இவர் எந்த வருஷம்னு தெரியுமா?”

அவர் யோசிக்காமல் சொன்னார். நான் எழுதினேன்.

“நல்லா ஞாபகம் வச்சிருக்கீங்களே.”

“அது என்ர அண்ணா” என்றார். “ஒரு சைக்கிளிலதான் ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போறனாங்கள்.”

தாளைக் கொடுத்தேன். அவர் அதைப் படம் பிடித்து அங்கேயே அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, “போட்டு வாறன் அக்கா” என்று ஏறிப் போனார்.

அடுத்த மாதம் மறுபடியும் கோழி டப்பாவோடு வந்தார். ஃப்ரீசரில் இடமில்லை, இந்தத் தடவை சைவம் என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு சொன்னார், லிஸ்டை எடுத்துக்கொண்டார்களாம். எண்ணிப் பார்த்தார்களாம். இந்த வருஷம் மூடவில்லை.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. “அப்பா லிஸ்டைப் படிச்சுப் பாத்தாரா?”

“படிச்சவர். அத்தனை பேரும் அவர் படிப்பிச்ச பிள்ளையள்தானே.”

“ஒண்ணும் சொல்லலையா?”

“ஒரு பேரையும் வெட்டேல்லை. கீழ தன்ர பேரையும் சேத்துத்தான் குடுத்தவர்.” டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். “அண்ணான்ர வருசத்தை மட்டும் திருத்தினவர். நான் ஒரு வருசம் பிழையாச் சொல்லிப்போட்டனாம்.”